ஒரு பல் தள்ளி வைத்த பொட்டு

வீரம்மாளின் இட்லி வண்டிக்கு நாலு சக்கரம். அதில் ஒன்று ஆறு மாசமாக நொண்டியது. விடிகாலை நாலரைக்கு மந்தாரக்குப்பத்திலிருந்து தள்ளிக்கொண்டு கிளம்பினால், நெய்வேலிச் சுரங்கத்து ஒர்க்‌ஷாப் கேட்டுக்கு வந்து சேர்வதற்குள் சாம்பார் தளும்பித் தளும்பித் தூக்கின் வெளிப்பக்கமெல்லாம் மஞ்சளாகிவிடும். ஒருநாள், முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதப் போகிற நேரம், கூட்டம் கலைந்ததே என்று குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். திரும்பி வந்து வண்டியை நகர்த்தினால் அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. குனிந்து பார்த்தாள். நொண்டிச் சக்கரத்துக்குள் ஒரு பேரிங் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. சக்கரம் கழன்று வராமல் ஒரு கம்பி ஊசி போட்டு, அதன் இரண்டு முனைகளையும் சேலை மாட்டாதபடி உள்பக்கமாக மடித்துவிட்டிருந்தது.

வாட்ச்மேனைக் கேட்டாள். "எனக்குத் தெரியாதும்மா" என்றார். இட்லி வாங்க வந்தவர்களிடம் மூன்று நாள் கேட்டாள். எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள், சட்னி கேட்டார்கள். நாலாம் நாள் கேட்பதை விட்டுவிட்டாள். ஆண்டவன் யாருடைய கையைக் கடன் வாங்கிக்கொண்டு வந்து செய்தானோ, செய்தவர் நன்றாக இருக்கட்டும் என்று மட்டும் தினமும் அடுப்பு மூட்டும்போது நினைத்துக்கொள்வாள்.

அது யாருடைய கை என்று அவளுக்குத் தெரிய ஒரு வருஷம் ஆனது. அதுவும் அவள் வீட்டுக்காரர் பழனிவேலின் கார் படுத்துக்கொண்ட பிறகுதான்.

அந்தக் கார் பழைய அம்பாசடர். இரண்டாம் சுரங்கத்துக்காகக் கம்மாபுரம் பக்கம் ஊர்களைக் காலி பண்ணியபோது, இவர்கள் குடியிருந்த மனையும் போனது. சொந்த நிலம் என்று ஒரு குழிகூட இல்லாத குடும்பம். மனைக்கு வந்ததோடு மாட்டை விற்றதையும் சேர்த்து, டிராக்டர் ஓட்டிப் பழகிய பழனிவேல் இந்தக் காரை வாங்கினான். வாடகைக்கு ஓட்டினான். எண்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் நல்ல சேதி ஒன்று வந்தது. சுரங்கத்துக்குள் என்ஜினீயர்களை ஏற்றி இறக்க ஒரு கான்ட்ராக்டருக்குக் கார் வேண்டும். தினசரி வேலை. ஆனால் ஒரு நிபந்தனை. ஆளை ஏற்றிக்கொண்டு சுரங்கத்துச் சரிவில் இறங்கி, நிற்காமல் மேலே ஏறி வர வேண்டும். ஏறினால் வேலை. ஏறாவிட்டால் பின்னால் இரண்டு கார் வரிசையில் நிற்கிறது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை.

கார் அப்போது வடலூர் ரோட்டு மேட்டிலேயே ஏறுவதாக இல்லை.

என்ன நடந்தது என்றால், ஆயுதபூஜைக்கு முன்னால் இஞ்சினுக்குள் செயின் கடகடவென்று சத்தம் போட்டது. மெக்கானிக் தனகோட்டி வந்து இஞ்சினின் முன்மூடியைக் கழற்றி, பழைய செயினையும் அது ஓடுகிற பெரிய பல்சக்கரத்தையும் எடுத்துச் செய்தித்தாளில் பரப்பி வைத்தான். புதுச் செயின் கடலூரிலிருந்து வருவதற்குள் பூஜை வந்துவிட்டது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் பூஜை முடிகிறவரை யாரும் தொட மாட்டார்கள். ஆக, கார் இரண்டு நாள் வாயைத் திறந்தபடி வாசலில் நின்றது. வீரம்மாள் குறை வைக்கவில்லை. ஸ்பேனர், ஜாக்கி, இட்லிக் கொப்பரை, அந்தப் பல்சக்கரம் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் விட்டுச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். சந்தனம் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, சூடம் காட்டிக் கும்பிட்டாள்.

மறுநாள் தனகோட்டி வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். கார் கிளம்பியது. ஆனால் இழுக்கவில்லை. நாலு பேரை ஏற்றினால் மூச்சு வாங்கியது. மேட்டில் கார்பரேட்டர் வழியாகத் தும்மியது. தனகோட்டி பிளக்கை மாற்றினான். கார்பரேட்டரை மூன்று தரம் கழுவினான். கடைசியில் பெட்ரோலில் கலப்படம் என்று சொல்லிவிட்டுப் பண்ருட்டிக்கு வேறு வேலையாகப் போய்விட்டான்.

"கரும்பு வண்டி என்னை முந்திகினு போவுது வீரம்மா" என்றான் பழனிவேல். "மாடு திரும்பிப் பார்த்துட்டுப் போவுது. அதுக்கே பாவமா இருக்குது போல."

வெள்ளிக்கிழமை வீரம்மாள் பஸ் ஏறி மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோவிலுக்குப் போனாள். அங்கே பிராது கட்டுகிற வழக்கம் உண்டு. நமக்குத் தப்பு பண்ணினவர்கள் மேல் சாமியிடம் புகார் எழுதி வேலில் கட்டிவிட்டு வந்தால், அவர் விசாரித்துக்கொள்வார். வாசலில் எழுதிக் கொடுப்பவரிடம் வீரம்மாள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். 'எங்கள் காரைக் கெடுத்தவர் யாராக இருந்தாலும் மூன்று நாளைக்குள் கண்டுபிடித்துக் காட்டி, தக்கபடி தண்டிக்க வேண்டும்.' தண்டிக்க என்ற சொல்லை எழுதும்போது அவர் பேனாவை நிறுத்தி, "போடட்டுமா தாயீ?" என்று கேட்டார். போடச் சொன்னாள். மனசுக்குள் தனகோட்டியின் முகம்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கேட் வாசலில் அவள் கை தன் நிலையில் இல்லை. ஒருவருக்குத் தட்டில் ஊற்ற வேண்டிய சாம்பாரை டீ கிளாசில் ஊற்றிக் கொடுத்தாள். வாங்கினவர் நல்லசாமி.

நல்லசாமி பவானிப் பக்கத்துக்காரர். அறுபத்து மூன்றில் நெய்வேலிக்கு வந்தவர். ஒர்க்‌ஷாப்பில் டோசர் இஞ்சின் பார்க்கிற ஃபிட்டர். மனைவி காலமாகி, இரண்டு பெண்களையும் கோபிப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டுக் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். தினமும் நாலு இட்லி, நின்றபடியே சாப்பிடுவார். அவரைப் பற்றி ஒர்க்‌ஷாப்பில் ஒரு கேலி உண்டு. மற்றவர்கள் இஞ்சினைத் தொட்டுவிட்டுக் கை கழுவுவார்கள், நல்லசாமி கை கழுவிவிட்டுத்தான் இஞ்சினைத் தொடுவார் என்று. கேட்டால், "அதும் உள்ளுக்குள்ள சுத்தமா இருக்கிற சாமான்தானுங்க" என்பார். சட்டைப் பையில் பழைய பஸ் டிக்கெட்டுகளாகச் சேர்த்து வைத்திருப்பார். அது எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

அவர் டீ கிளாசில் இருந்த சாம்பாரை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுங்க அம்மிணி. ஆனா என்ன கஷ்டமுன்னு சொல்லுங்க" என்றார்.

சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"செயின் மாத்துறதுக்கு முன்னால இழுத்துதுங்களா?"

"குதிரயாட்டம் இழுத்துதுங்க."

"ரெண்டு மணிக்குச் சங்கு ஊதுனதும் வர்றனுங்க."

இரண்டரைக்கெல்லாம் வந்துவிட்டார். வீரம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள், குடிக்க. அவர் பாதியைக் குடித்துவிட்டு மீதியில் கை கழுவினார். பழனிவேல் பெட்ரோல், கார்பரேட்டர் என்று ஆரம்பித்தான். நல்லசாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் தனகோட்டி பாத்துட்டாருங்க. அவுரு பாக்காததைப் பாப்போம். இஞ்சினுக்குள்ள வால்வுங்கிறது கதவு மாதிரி. காத்து உள்ள வர ஒரு கதவு, புகை வெளிய போக ஒரு கதவு. எந்தக் கதவு எப்பத் திறக்கோணுமின்னு சொல்றது கேம் ஷாஃப்ட், செயின் ஓடுற பெரிய பல்லுச்சக்கரம் மாட்டுற தண்டுங்க. நம்ம சுரங்கத்துச் சங்கு மாதிரின்னு வெச்சுக்கங்க. சங்கு கால் மணி லேட்டா ஊதுனா என்னாகும்?"

"உள்ள இருக்கிறவன் வெளிய வரமாட்டான், வெளிய இருக்கிறவன் உள்ள போவமாட்டான்" என்றான் பழனிவேல். "கேட்ல தள்ளுமுள்ளு."

"அந்தத் தள்ளுமுள்ளுதான் உங்க கார்ல நடக்குதோன்னு எனக்குச் சந்தேகம். ஆளெல்லாம் நல்ல ஆளு. சங்குதான் சரியில்லை."

நாலு பிளக்கையும் கழற்றினார், இஞ்சின் கைக்கு லேசாகச் சுற்றட்டும் என்று. மேல்மூடியை எடுத்தார். உள்ளே எட்டு வால்வும் அவற்றை மிதித்து அழுத்துகிற சின்னச் சின்னக் கைகளும் எண்ணெயில் மினுங்கின. காரின் மூக்கில் ஹேண்டிலைச் செருகினார். பழனிவேலை டார்ச் லைட்டோடு வண்டிக்கு அடியில் படுக்கச் சொன்னார். இஞ்சினின் முன் சக்கரத்தில் ஒரு வெட்டு இருக்கும். அதற்கு நேராக மேலே ஒரு கூர்முனை இருக்கும். வெட்டு முனைக்கு எதிரே வந்தால் முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கிறது என்று அர்த்தம்.

பிறகு பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்தார். கடலூர் டிக்கெட். முதல் பிஸ்டனின் இரண்டு வால்வுகளில் காற்று வருகிற வால்வைக் காட்டி, அதன் தலைக்கும் அதை அழுத்துகிற கைக்கும் நடுவில் இருந்த மயிரிழைச் சந்தில் டிக்கெட்டைச் செருகினார்.

"அம்மிணி, இதைப் பிடிச்சுக்கிட்டு முன்னும் பின்னும் மெதுவா ஆட்டீட்டே இருங்க. இப்ப லேசா போகுது பாருங்க. கதவு திறக்கப் போகுதுன்னா டிக்கெட்டை இறுக்கிப் பிடிச்சுக்கும். பிடிச்ச நொடியில சொல்லோணும். இழுத்துக் கிழிச்சராதீங்க."

"நானுங்களா?"

"இட்லி வெந்துருச்சான்னு ஈர்க்கு வெச்சுப் பாக்குற கைதானுங்களே. இந்த வேலைக்கு அந்தக் கைதான் வேணும்."

வீரம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். நல்லசாமி ஹேண்டிலை அரை விரல், அரை விரலாகச் சுற்றினார். டிக்கெட் வந்தது, போனது, வந்தது. வாசலில் கோழி கத்துவதுகூட அவள் காதில் விழவில்லை. அவளுடைய மூச்சு எல்லாம் இரண்டு விரல் நுனிக்கு இறங்கி வந்துவிட்டது.

"வெட்டு முனைகிட்ட வருது" என்றது அடியிலிருந்து பழனிவேலின் குரல். "வந்துடுச்சு. நேரா நிக்குது."

"டிக்கெட் அம்மிணி?"

"சும்மா வழுக்குதுங்க."

"இந்நேரம் பிடிச்சிருக்கோணும்." நல்லசாமியின் குரல் ஒரு சுருதி ஏறியது. "நல்ல இஞ்சினுக்கு உச்சி வர்றதுக்குச் சித்த முன்னாலயே பிடிக்கும். பழனிவேலு, கண்ணை எடுக்காதீங்க. சுத்துறேன்."

அரை விரல். இன்னும் அரை விரல். டிக்கெட் வழுக்கியது. இன்னும் கொஞ்சம். அப்போது உள்ளேயிருந்து யாரோ பல்லால் கவ்வியதுபோல டிக்கெட் நின்றது.

"பிடிச்சிக்கிச்சு" என்றாள் வீரம்மாள். மூன்று வாரமாக ஊமையாக இருந்த கார் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்ன மாதிரி இருந்தது.

"வெட்டு ஒரு வெரல்கட தாண்டிப் பூட்டுது" என்றான் பழனிவேல் அடியிலிருந்து.

நல்லசாமி சரிபார்க்காமல் விடுகிறவர் இல்லை. இன்னொரு முறை முழுசாகச் சுற்றினார். அதே இடம். மூன்றாம் முறையும் அதே இடம். ஹேண்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வீரம்மாள் அவர் சிரித்துப் பார்த்தது அன்றுதான்.

"ஒரு பல்லுங்க. பெரிய சக்கரத்தை ஒரு பல்லு தள்ளி மாட்டியிருக்குது. கார்ல நோவே இல்லை. கழட்டுங்க ரேடியேட்டரை."

அதன் பிறகு வாசலில் ஒரே பரபரப்பு. ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். முன் சக்கரத்து நட்டுக்குப் பழனிவேல் ஸ்பேனரில் குழாயை மாட்டித் தொங்கினான். ஐந்து மணிக்கு முன்மூடி கையோடு வந்தது. உள்ளே கீழே சின்னப் பல்சக்கரம், மேலே பெரியது, இரண்டையும் சுற்றிச் செயின். நல்லசாமி சொல்லிக்கொண்டே துடைத்தார்.

"ரெண்டு சக்கரத்துலயும் ஒரு சின்னக் குழி அடிச்சிருக்கும். ரெண்டு குழியும் ஒண்ணையொண்ணு பாத்தாப்ல நிக்கோணும். குழி கண்ணுக்குத் தெரியாதுன்னு மெக்கானிக்குங்க அது மேல செவப்புப் பெயின்ட்டு ஒரு பொட்டு வெச்சுக்குவாங்க."

பெரிய சக்கரத்தில் துடைத்த இடத்தில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. சின்னச் சக்கரத்துக் குழிக்கு நேராக, எண்ணெயில் ஊறி, ஓரம் கொஞ்சம் மஞ்சளாக. நல்லசாமி நகத்தால் சுரண்டினார். மூக்குக்கிட்டக் கொண்டுபோனார்.

வீரம்மாளுக்கு அந்த மஞ்சள் ஓரம் என்ன என்று தெரிந்துவிட்டது. பூஜையன்று சக்கரத்தைத் தேய்க்கும்போது அதில் ஒரு சிவப்புக் கறை இருந்தது. அழுக்கு என்று நினைத்து, போகமாட்டேன் என்றதை விடாமல் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்து எடுத்தாள். அதன்கீழ் ஒரு குழி இருந்தது. குழியில் வைத்தால் சந்தனம் நிற்காது, எடுப்பாக இருக்காது என்று ஒரு பல் பக்கத்தில் தள்ளி அழகாகப் பொட்டு வைத்தாள். மறுநாள் தனகோட்டி சிவப்பைப் பார்த்திருக்கிறான். தன் பெயின்ட் என்று நினைத்து மாட்டியிருக்கிறான்.

நல்லசாமி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பழனிவேலிடம், "போயி ஒரு வாளி நல்ல தண்ணி கொண்டாங்க, ரேடியேட்டருக்கு" என்றார். அவன் போனதும் துணியை எடுத்துப் பொட்டை ஒற்றி எடுத்தார். செயினைத் தளர்த்தி, பெரிய சக்கரத்தை ஒரு பல் திருப்பி, குழிக்குக் குழி நேர் வைத்தார்.

பழனிவேல் வாளியோடு வந்து பார்த்தான். "ஒரு பல்லு தள்ளித்தான் இருந்துதா? அந்தத் தனகோட்டியை நான் இன்னிக்கு..." என்று லுங்கியை மடித்துக் கட்டினான். "கண்ணு தெரியாதவன் எதுக்கு மெக்கானிக்குன்னு சொல்லிகினு திரியறான்? சட்டையப் புடிச்சிக் கேக்கறேன் பாரு."

வீரம்மாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு போயிருக்கும். நல்லசாமி சொல்லப் போவதில்லை என்பது அவர் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் பிராதில் யார் பெயரை மனசில் வைத்து எழுதச் சொன்னாளோ, அவன் மேல் தப்பில்லை. கொளஞ்சியப்பர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அவரு மேல தப்பில்லீங்க" என்றாள். "நான் வெச்ச பொட்டு அது. அவரு வெச்ச குறியை அழிச்சிட்டு, பக்கத்துல நான் வெச்சேன்."

பழனிவேல் அவளையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான். மடித்துக் கட்டிய லுங்கியை அவிழ்த்துவிட்டான்.

"ஏன்டி, மனுஷனுக்குப் பொட்டு வெக்கற. காருக்கு நெத்தி எங்க இருக்குதுன்னு கேட்டுட்டு வெக்கக் கூடாதா?"

"நெத்தியெல்லாம் சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க" என்றார் நல்லசாமி, தலை நிமிராமல். "ஒரு பல்லுதான் எட்டம்."

"அது மட்டும் இல்லீங்க." வீரம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. "காரைக் கெடுத்தவங்களைக் கண்டுபிடிச்சுத் தண்டிக்கச் சொல்லி வெள்ளிக்கெழமை பிராது கட்டிட்டு வந்துட்டேன். மூணு நாள்னு கெடு போட்டேன்."

நல்லசாமி விரல் விட்டு எண்ணினார். "வெள்ளி, சனி, ஞாயிறு. வேகமான ஆளுதானுங்க கொளஞ்சியப்பர். கெடுவுக்குள்ள ஆளைப் பிடிச்சுட்டாரே." அழுதுகொண்டிருந்தவளே சிரித்துவிட்டாள். "பிராதை வாபஸ் வாங்கிருங்க அம்மிணி. எதிராளி ஒப்புக்கிட்டாச்சுன்னு சொல்லுங்க. விட்டுருவாரு."

முன்மூடியையும் முன் சக்கரத்தையும் மாட்டியதும் மறுபடி டிக்கெட் வைத்தார்கள். பழனிவேல் அடியிலிருந்து "இன்னும் வரல, இன்னும் வரல" என்கிறபோதே, உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், டிக்கெட் கவ்விக்கொண்டது. வீரம்மாள் டிக்கெட்டை விடவே இல்லை. எல்லாம் மாட்டி முடிக்க விளக்கு வைக்கிற நேரம் ஆனது. கடைசியாக நல்லசாமி ரேடியேட்டர் தாங்கியில் ஒரு கம்பி ஊசியைப் போட்டு, இரண்டு முனையையும் உள்பக்கமாக மடித்துவிட்டார், யார் துணியும் மாட்டாதபடி. வீரம்மாள் அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கே பார்த்த மடிப்பு என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கான்ட்ராக்டர் அனுப்பிய சூப்பர்வைசர் சிவப்பிரகாசம் வந்தார். கூட மூன்று பேரைக் கூட்டி வந்தார். மூவருமே நல்ல கனம். பொறுக்கித்தான் கூட்டி வந்திருப்பார் என்று வீரம்மாளுக்குத் தோன்றியது. கார் சரிவில் இறங்கிக் கண்ணுக்கு மறைந்தது. மேலே தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் அவள் இட்லி வண்டியோடு நின்றாள். சாப்பிட வந்தவர்போல நல்லசாமியும் வந்து நின்றார். கையில் தட்டு இல்லை.

கீழே மண்வெட்டும் பெரிய எந்திரத்தின் இரைச்சல்தான் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதற்குள்ளிருந்து ஒரு மெல்லிய சத்தம் பிரிந்து வந்தது. நல்லசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"ரெண்டாவது கியருல வர்றாரு. தும்மல் இல்லை."

சத்தம் வளர்ந்தது. பாதிச் சரிவு வந்திருக்கும். அப்போது சத்தம் இறங்கி, இறங்கி, நின்றே போனது. வீரம்மாள் வண்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. நிறுத்தச் சொல்லியிருப்பாங்க. நட்ட நடு மேட்டுல நிறுத்தி எடுக்கச் சொல்றது பழைய சோதனை."

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. முருகா முருகா என்று நாக்கு தானாக ஓடியது. பிறகு கீழே ஒரு உறுமல். பிசிறில்லாத, ஒரே இழுப்பான உறுமல். சரிவின் விளிம்பில் முதலில் காரின் கூரை தெரிந்தது, பிறகு கண்ணாடி, பிறகு கரித்தூளில் கறுத்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற பழனிவேலின் முகம்.

சிவப்பிரகாசம் இறங்கி வேட்டியைத் தட்டினார். "நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு வந்துடணும். எனக்கு லேட்டு ஆகக் கூடாது."

"லேட்டாவுறதைத்தான் நேத்து சரி பண்ணோமுங்க" என்றான் பழனிவேல். சிவப்பிரகாசத்துக்கு அது விளங்கவில்லை. வீரம்மாள் திரும்பிப் பார்த்தபோது நல்லசாமி ஒர்க்‌ஷாப்புக்குள் பாதி தூரம் போயிருந்தார்.

அன்று சாயங்காலமே அந்தக் காரிலேயே போய்ப் பிராதை வாபஸ் வாங்கினார்கள். தனகோட்டி பண்ருட்டியிலிருந்து வந்ததும் வீரம்மாள் அவன் வீட்டுக்கு ஒரு தூக்கு இட்லியோடு போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவன் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, அடுத்த பூஜைக்கு முன்னால் தன் ஸ்பேனரையெல்லாம் எண்ணி எடுத்துக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னான். எல்லாம் சரியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. அடுத்த வருஷத்திலிருந்து வீரம்மாள் ஆயுதபூஜையில் கொப்பரைக்கு வைப்பாள், அம்மிக்கு வைப்பாள், இட்லி வண்டிக்கு வைப்பாள். காருக்குப் பக்கத்தில் வந்ததும் குங்குமக் கிண்ணத்தை மூடிவிடுவாள். பழனிவேல் ஒரு மாலையைப் போட்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் கிளப்பிக்கொண்டு போவான். ஏன் என்று அவன் கேட்டதில்லை.

எண்பத்தெட்டுக் கடைசியில் நல்லசாமி ரிட்டயர்டு ஆனார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், ஒரு டூல் பை. சேலம் வண்டியைப் பிடிக்க விருத்தாசலம் ஜங்ஷனுக்கு அவரைப் பழனிவேலின் கார்தான் கொண்டுபோனது. வீரம்மாளும் கூடப் போனாள். வழியெல்லாம் இஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தவர், காட்டுக்கூடலூர் முக்கு தாண்டியதும், "நல்லா இருக்குதுங்க" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

ரயில் வந்து நின்றது. இட்லிப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். ஆறு வருஷமாக வாய்க்குள்ளேயே இருந்ததை அப்போதுதான் கேட்டாள்.

"அண்ணே, எங்க வண்டிச் சக்கரத்துக்குப் பேரிங் போட்டது நீங்கதான?"

"எந்தச் சக்கரமுங்க?" என்று அவர் பொட்டலத்தை மடியில் வைத்துச் சரிசெய்தார்.

கார்டு விசில் ஊதினார். ரயில் அசைந்தது. நல்லசாமி ஜன்னலில் முகத்தை வைத்து அவளைக் கூப்பிட்டார். அவள் இரண்டு அடி கூடவே நடந்தாள். அதற்குப் பிறகு அவரை அவள் பார்க்கவில்லை.

"அம்மிணி, ஆறு பூஜையாப் பாக்குறேன், காருக்கு மட்டும் பொட்டு இல்லை. அது தப்புங்க. வர்ற பூஜைக்கு மறக்காம வைங்க. மூடியைப் போட்டுட்டு, மேல வைங்க."